பத்து மில்லிகிராம் நிம்மதி

எபிடியோலெக்ஸ் என்ற வலிப்பு மருந்தில் ஸ்ட்ராபெர்ரி மணம் சேர்த்திருக்கிறார்கள். புட்டியில் இருப்பது பெரும்பாலும் நல்லெண்ணெய்தான். கொஞ்சம் ஆல்கஹால், இனிப்புக்குச் சுக்ரலோஸ். அந்த எண்ணெயில் கரைந்து நிற்கிறது கன்னாபிடியால், சுருக்கமாகச் சிபிடி. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த பொருள். இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். இடையிடையே ரத்தம் எடுத்துக் கல்லீரலையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதே சிபிடி அமெரிக்காவில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடைகளில், சூயிங்கம் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், குட்டிக் கரடி வடிவ ஜெல்லி மிட்டாயாகவும் கிடைக்கிறது. சாக்லேட், தேன், குளிர்பானம், நாய்க்குப் போடும் பிஸ்கட் என்று இன்னும் பல வேடங்களும் உண்டு. ஒரு மிட்டாயில் 10 மில்லிகிராம், அல்லது 25. மருந்துச்சீட்டு கேட்பதில்லை. டப்பாவின் மேல் அமைதி, நல்ல உறக்கம், புத்துணர்ச்சி என்று மென்மையான எழுத்தில் அச்சிட்டிருக்கும். 'வலிப்பைக் குணமாக்கும்', 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று எழுதினால் எஃப்டிஏ எனப்படும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும். 'அன்றாட நலத்துக்கு' என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வர முடியாது. நலத்தை யார் அளப்பது?

மூலக்கூறு இரண்டு இடத்திலும் ஒன்றேதான். மருந்தையும் மிட்டாயையும் பிரிப்பது அளவு. சிபிடியைப் பற்றிய விளம்பரங்கள் அதிகம் பேசாததும் அளவைப் பற்றித்தான்.

இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த ரோஜர் ஆடம்ஸ். ஆண்டு 1940. அதன் சரியான வடிவம் தெரிய இன்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் காவல்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த ஹஷீஷில் ஐந்து கிலோவைக் கேட்டு வாங்கி, பையில் போட்டுப் பேருந்திலேயே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். பக்கத்து இருக்கைக்காரர்கள் இது என்ன வாசனை என்று மூக்கைச் சுளித்த கதையைக் கடைசிவரை சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார். அந்த ஐந்து கிலோவிலிருந்துதான் 1963இல் சிபிடியின் வடிவமும், அடுத்த ஆண்டே போதைக்குக் காரணமான டிஎச்சியின் வடிவமும் வெளிவந்தன.

இரண்டும் கூடப்பிறந்தவை. இதிலும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன், அதிலும் அப்படியே. டிஎச்சியில் ஒரு வளையம் மூடியிருக்கிறது, சிபிடியில் அது திறந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். மூடிய வளையம் கொண்டது மூளையில் சிபி1 என்ற ஏற்பியில் பொருந்தி உட்கார்ந்து போதை தருகிறது. திறந்தது அங்கே சரியாக ஒட்டுவதில்லை. அதனால் போதையும் இல்லை. ஆய்வகத்தில் சிபிடியை அமிலத்தோடு சேர்த்தால் அந்த வளையத்தை மூடிவிடலாம். அமெரிக்காவில் 'டெல்டா-8' என்று விற்ற போதை மிட்டாய்களில் பெரும்பகுதி இப்படிச் சிபிடியிலிருந்து ஆலையில் செய்தவையே.

சிபி1 ஏற்பி நம் மூளையில் கஞ்சாவுக்காகக் காத்திருக்கவில்லை. உடலே அதற்கென்று சில பொருள்களைச் சுரக்கிறது. 1992இல் அவற்றில் முதலாவதைக் கண்டுபிடித்த மெக்கூலத்தின் குழு அதற்கு அனந்தமைட் என்று பெயர் வைத்தது, நம் ஆனந்தம்தான். வலி, பசி, நினைவு, பயம் எல்லாவற்றிலும் எண்டோகன்னாபினாய்டு அமைப்பு என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. மிட்டாய் டப்பாக்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. 'உங்கள் எண்டோகன்னாபினாய்டு அமைப்பைச் சமநிலைக்குக் கொண்டுவரும்' என்பது அவற்றின் மந்திரம். அந்தச் சமநிலை கெட்டிருக்கிறதா, சரியாகிவிட்டதா என்று சொல்லும் பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் கிடையாது. சர்க்கரை அளவைப்போல ஓர் எண் இருந்திருந்தால் விளம்பரக்காரர்கள் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, சிபிடி நேரடியாகச் சிபி1இல் வேலை செய்வதும் இல்லை. செரட்டோனின் ஏற்பி ஒன்று, மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1, ஜிபிஆர்55 என்று பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் கைவைக்கும் பொருள் அது. வலிப்பை எப்படி அடக்குகிறது என்பதற்கே இன்னும் இறுதியான விளக்கம் இல்லை.

ஆனால் அடக்குகிறது. அதில் சந்தேகம் வேண்டாம். 1980இல் பிரேசிலின் எலிசால்டோ கார்லினியும் மெக்கூலமும் சேர்ந்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். மற்ற மருந்துகளுக்குப் பணியாத வலிப்பு கொண்ட பதினைந்து பேர். எட்டுப் பேருக்குத் தினமும் 200 முதல் 300 மில்லிகிராம் சிபிடி, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. எட்டில் நால்வருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றே போனது. இப்படி ஒரு முடிவு வந்தபின் மருந்துலகம் பாய்ந்து வந்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை; முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது தூங்கியது. கஞ்சா என்ற பெயரே கதவைச் சாத்தப் போதுமானதாக இருந்தது. மெக்கூலம் இதைப் பேட்டிகளில் வருத்தத்தோடு குறிப்பிட்டிருக்கிறார்.

கதவைத் திறந்தவள் கொலராடோவைச் சேர்ந்த சார்லட் ஃபீகி என்ற சிறுமி. டிரவே நோய்க்குறி என்ற கடுமையான பிறவி வலிப்பு. வாரத்துக்கு முந்நூறு முறைவரை வந்துகொண்டிருந்தது. சிபிடி அதிகமும் டிஎச்சி குறைவுமான ஒரு செடிவகையின் எண்ணெய் கொடுத்ததும் வலிப்பு வெகுவாகக் குறைந்ததை 2013இல் சிஎன்என் தொலைக்காட்சி காட்டியது. நாடு முழுவதிலிருந்தும் பெற்றோர்கள் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரு குழந்தையின் கதை சான்று ஆகாது என்று விஞ்ஞானிகள் சொன்னது சரி. அதன்பின் சான்றைத் தேடிப் போனதும் சரி. 2017இல் வெளியான ஆய்வில் டிரவே நோயுள்ள 120 குழந்தைகளும் இளையோரும் கலந்துகொண்டார்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் சிபிடி பெற்றவர்களில் வலிப்பின் மாத நடுமதிப்பு 12.4இலிருந்து 5.9ஆக இறங்கியது. வெற்று மருந்து பெற்றவர்களில் 14.9இலிருந்து 14.1. 2018 ஜூனில் எஃப்டிஏ எபிடியோலெக்ஸுக்கு அனுமதி கொடுத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க விவசாயச் சட்டம் ஹெம்ப்பை, அதாவது உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி இல்லாத கஞ்சாச் செடியை, போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. மருந்தாகி ஆறு மாதம் ஆவதற்குள் சிபிடிக்கு மிட்டாய்க் கடையின் கதவும் திறந்துவிட்டது. எஃப்டிஏ அன்றைக்கே அறிக்கை விட்டது: மருந்தாக அனுமதி பெற்ற பொருளை உணவில் சேர்த்து மாநிலம் விட்டு மாநிலம் விற்பது சட்டவிரோதம் என்று. கேட்பார் இல்லை. 2023 ஜனவரியில், உணவுக்கும் துணைச்சத்துக்கும் இப்போதுள்ள விதிகள் சிபிடிக்குப் பொருந்தாது, புதிய சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தைப் பார்த்துக் கைகாட்டியது.

0.3 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கை. கனடியத் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால் 1976இல் கஞ்சாச் செடிகளை வகைபிரிக்கும்போது, எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டுமே என்று போட்ட கோடு அது. தன் விருப்பப்படி வைத்ததுதான் என்று அவரே எழுதியும் வைத்தார். செடியின் இலைக்குப் போட்ட கோட்டைச் சட்டம் மிட்டாய்க்கும் எடுத்துக்கொண்டது. நான்கு கிராம் எடையுள்ள ஜெல்லி மிட்டாயில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம் டிஎச்சி. கஞ்சா சட்டபூர்வமாக விற்கும் கொலராடோவில் ஒரு வேளை என்று கணக்கு வைத்திருப்பதே 10 மில்லிகிராம்தான்! இந்த ஓட்டையில் ஒரு தொழிலே முளைத்தது. அடைக்கக் கிளம்பிய புதிய சட்டம் 2025 நவம்பரில் கையெழுத்தானது. ஓராண்டு அவகாசத்துக்குப் பின் ஒரு டப்பாவில் மொத்தமே 0.4 மில்லிகிராம் டிஎச்சிதான் இருக்கலாம் என்கிறது அது.

சரி, மிட்டாயை வாயில் போட்டாயிற்று. பிறகு என்ன ஆகிறது?

சிபிடி தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வெறும் வயிற்றில் விழுந்தால் குடலின் நீர்ச்சூழலில் ஒட்டாமல் பெரும்பகுதி அப்படியே போய்விடும். குடல் உறிஞ்சிக்கொண்டதும் உடனே உடலைச் சுற்றக் கிளம்புவதில்லை. முதலில் கல்லீரல் என்ற சுங்கச்சாவடிக்குப் போகிறது. அங்கே சைட்டோகுரோம் பி450 என்ற குடும்பத்து நொதிகள் அதை உடைத்து வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. வாய்வழி எடுத்த சிபிடியில் ரத்தத்தை எட்டுவது நூற்றுக்கு ஆறு பங்கு என்ற கணிப்பு உண்டு. தாராளமாகச் சொல்பவர்களும் இருபதைத் தாண்டுவதில்லை. 10 மில்லிகிராம் மிட்டாயில் ஆறு சதவீதம் என்றால் 0.6 மில்லிகிராம்.

எதோடு சாப்பிடுகிறோம் என்பதும் சேர்கிறது. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் சேரும் சிபிடி நான்கு மடங்காகிறது என்று எபிடியோலெக்ஸின் குறிப்பேடே சொல்கிறது. காலையில் வெறும் காபியோடு ஒன்று, மறுநாள் நெய்யில் ஊறிய பொங்கலோடு ஒன்று என்று சாப்பிடுபவர், மிட்டாய் ஒன்றே என்றாலும், இரண்டு வெவ்வேறு அளவு மருந்தைச் சாப்பிடுகிறார். இதைச் சொல்லும் டப்பாவை நான் பார்த்ததில்லை. ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பத்தே நிமிடத்தில் மனம் லேசாகிவிட்டது என்பவருக்கு லேசானது உண்மையாக இருக்கலாம். சிபிடி அப்போது இரைப்பையைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

பதற்றத்துக்கு சிபிடி உதவுமா என்பதை அதிகம் ஆராய்ந்தவர்கள் பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தினர். அவர்கள் கையாண்ட முறை எனக்குப் பிடித்தமானது. ஆளை ஒரு கேமராவுக்கு முன் நிறுத்தி, சில நிமிட அவகாசம் கொடுத்து, மேடைப் பேச்சுபோலப் பேசச் சொல்வார்கள். பதறாதவர் யார்? 2019இல் வெளியான ஆய்வில் 57 ஆண்களைப் பிரித்துச் சிலருக்கு 150, சிலருக்கு 300, சிலருக்கு 600 மில்லிகிராம் கொடுத்தார்கள். மிச்சம் பேருக்கு வெற்று மாத்திரை. பதற்றம் குறைந்தது 300 வாங்கியவர்களுக்கு மட்டும். 150 போதவில்லை. 600 கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அதுவும் வேலை செய்யவில்லை. கூட்டினால் கூடும் என்ற கணக்கு இந்தப் பொருளிடம் செல்லாது.

அந்த 300ஐ மிட்டாய்க் கணக்கில் பார்ப்போம். 10 மில்லிகிராம் மிட்டாய் என்றால் முப்பது. சாதாரணமாக ஒரு டப்பாவில் இருப்பதே முப்பதுதான். டப்பா ஒரு மாதத்துக்கு என்று எழுதியிருக்கும். ஆய்வில் பலன் தந்த அளவு ஒரே வேளைக்கு ஒரு முழு டப்பா. வலிப்புக்கான அளவுக்கு இன்னும் மேலே போக வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம், அதாவது இரண்டு டப்பா.

அப்படியானால் ஒரே ஒரு மிட்டாயில் தூக்கம் வந்தது, முழங்கால் வலி விட்டது என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கலந்துகொண்டவர்களுக்கு இரண்டு நாளும் கொடுத்தது சிபிடி துளியும் இல்லாத ஹெம்ப் விதை எண்ணெய். ஒரு நாள் மட்டும் இது சிபிடி எண்ணெய் என்று சொன்னார்கள். அன்றைக்குக் கலந்துகொண்டவர்கள் உடல் அசதியாக இருப்பதாகச் சொன்னார்கள். சிபிடி பதற்றத்தைத் தணிக்கும் என்று ஆழமாக நம்பியவர்களுக்குப் பதற்றமும் குறைந்தது. நம்பிக்கை உடலில் உண்மையாகவே வேலை செய்கிறது. அதற்கு மாதம் நாற்பது, ஐம்பது டாலர் தர வேண்டுமா என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது. வலிக்கு இந்த மிட்டாயை வாங்குபவர்கள்தான் ஏராளம். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் வலி பற்றிய பதினாறு கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பதினைந்தில் சிபிடி வெற்று மருந்தை மிஞ்சவில்லை.

டப்பாவில் எழுதிய அளவு உள்ளே இருக்கிறதா என்பது தனிப் பஞ்சாயத்து. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்ற 84 சிபிடி எண்ணெய், டிங்க்சர், வேப் திரவங்களை வாங்கிச் சோதித்தார்கள். சரியான அளவு இருந்தது 26இல். 18இல் டிஎச்சி இருந்தது. வேலைக்குச் சேரும்போது சிறுநீர்ப் பரிசோதனை கேட்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நல்ல நிறுவனங்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் வெளி ஆய்வகத்தின் சான்றிதழை டப்பாவில் கியூஆர் குறியீடாகப் போடுகின்றன. வாங்குபவர் அதைத் திறந்து, தொகுதி எண் பொருந்துகிறதா என்றாவது பார்க்க வேண்டும்.

மிட்டாயில் இருப்பது குறைவு என்றால், சரி, கெடுதலும் இல்லாமல் போகட்டும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான். சிக்கல் எங்கே என்றால், பலன் தெரியவில்லையே என்று மனிதர்கள் இரண்டு, நான்கு, பத்து என்று கூட்டிக்கொண்டே போவார்கள். கடைகளும் 50, 100 மில்லிகிராம் என்று கூட்டிக்கொடுக்கும். எஃப்டிஏ நடத்தி 2025இல் வெளிவந்த ஆய்வில் ஆரோக்கியமான 201 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் சிபிடி பெற்ற 151 பேருக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதாவது அறுபது கிலோக்காரருக்கு 300, நான்கு வாரம் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்குக் கல்லீரல் நொதிகள் இயல்பின் உச்ச வரம்பைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஏறின. வெற்று மருந்து வாங்கியவர்களில் ஒருவருக்கும் ஏறவில்லை. நிறுத்தியதும் இறங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் கடையில் வாங்கிச் சாப்பிடுபவருக்கு நான்காவது வாரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது யார்?

பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023 அக்டோபரில் ஆரோக்கியமான பெரியவர்களுக்கான தினசரி வரம்பை 70 மில்லிகிராமிலிருந்து 10க்கு இறக்கியது. 5 சதவீத எண்ணெயில் நான்கைந்து சொட்டு. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள் தொடவே வேண்டாம் என்பது முன்பிருந்தே அவர்களுடைய ஆலோசனை. வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டால் பயமில்லை என்று அவர்கள் கருதும் அளவு 10. பதற்றத்தைக் குறைத்ததாக ஆய்வு காட்டிய அளவு 300. நடுவில் முப்பது மடங்கு இடைவெளி. அன்றாட நலத்துக்கான சிபிடி என்ற சரக்கு முழுவதும் அந்த இடைவெளியில்தான் கடை விரித்திருக்கிறது. கீழே இருந்தால் மிட்டாய், மேலே போனால் மருத்துவர் கவனிக்க வேண்டிய மருந்து.

இந்தியாவில் கதை வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூவையும் பிசினையும், அவை கலந்த எதையும் தடுக்கிறது. பூவோடு சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்துக்கு வெளியே. வடக்கே பாங்கு கடைகள் நடப்பதும், சில நிறுவனங்கள் ஆயுஷ் உரிமம் பெற்று இலையிலிருந்து எடுத்த 'விஜயா' எண்ணெய் விற்பதும் இந்தச் சந்தில்தான். விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதித்தது. ஆன்லைனில் ஹெம்ப் ஆயில் என்று மலிவாகக் கிடைப்பது அதுதான். நல்ல எண்ணெய்தான், சமையலுக்கு. விதையில் சிபிடி இல்லை என்றே சொல்லிவிடலாம். இரண்டையும் ஒன்றுபோலக் காட்டும் படங்களைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய.

அமெரிக்க மிட்டாயில் இருப்பதோ பெரும்பாலும் பூவிலிருந்து எடுத்த சாறு. அங்கே சட்டபூர்வமாக வாங்கிய ரசீது சென்னை விமான நிலையத்தில் செல்லாது. இந்தியச் சட்டத்தின் விளக்கத்தில் 0.3 சதவீதம் என்ற விலக்கு இல்லை. சுத்திகரித்த தனிச் சிபிடி வேறு என்று வாதாடலாம்தான். வாதாடும் இடம் நீதிமன்றமாக இருக்கும். ஹாங்காங்கில் ஒரு காலத்தில் சிபிடி காபிக் கடையே இருந்தது. 2023 பிப்ரவரி 1 முதல் அங்கே சிபிடியை வைத்திருப்பதற்கு ஏழு ஆண்டுவரை சிறை. அந்த வழியாக விமானம் மாறுபவர்களுக்கும் இது பொருந்தும்.

பிள்ளைகள் நியூஜெர்சியிலிருந்தோ டாலஸிலிருந்தோ வரும்போது அம்மாவின் முழங்காலுக்கு, அப்பாவின் தூக்கத்துக்கு என்று அன்போடு பெட்டியில் எடுத்துவைக்கும் பொருள்களில் இந்த டப்பாவும் சேர்ந்துவருகிறது. சட்டத்தை விடுங்கள். சிபிடியை உடைக்கும் அதே கல்லீரல் நொதிகள்தான் முதியவர்கள் சாப்பிடும் பல மாத்திரைகளையும் உடைக்கின்றன. சிபிடி அவற்றின் வேலையைத் தடுத்துவிடும். வலிப்புக்கான குளோபாசம் உடலில் மாறி உருவாகும் பொருள் சிபிடியோடு சேர்ந்தால் மூன்று மடங்காகிறது. ஆள் தூங்கி வழிவார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் அளவுக்கு மேல் வேலை செய்து ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடக்கூடும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸும் ரத்தத்தில் ஏறும். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால் அப்பா பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை என்று வரிசையாகச் சொல்வார். மிட்டாயைச் சொல்ல அவருக்குத் தோன்றாது. டப்பாவை வாங்குவதற்கு முன் அவருடைய மருந்துச்சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி ஒரு மருந்தாளுநரிடம் காட்டலாம்.